ஜெருசலேம் ஒழுங்கையும் எங்கட வளவுக் கொட்டிலும்

நேத்து இஞ்ச மட்டக்களப்பில பௌர்ணமிப் போயா லீவு. காலமையே பக்கத்து வளவு அண்ணனிட்டப் போய் பதினஞ்சு கிடுகு கிடைக்குமா எண்டு கேட்டன். என்னத்துக்குப் புள்ள, கோழிக்கூடு மேயவா எண்டார். இல்லண்ணே, வளவுக்குள்ள சின்னதா ஒரு கொட்டில் போடப்போறன், ஏழு நாளைக்கு மட்டும் எண்டன். ஏழு நாளைக்கா எண்டு ஒருக்கா என்ட முகத்தப் பாத்தார், மறுகா ஒண்டும் கேக்காம கிடுகத் தூக்கித் தந்தார். அம்மா இதெல்லாம் திண்ணையில இருந்து கேட்டுட்டு எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா. அவ ஏன் போனா எண்டு எனக்குத் தெரியும், அத பிறகு சொல்றன்.

நான் 2014 செப்டம்பர் தொடக்கத்தில இருந்து 2019 மார்ச் வரைக்கும் ஜெருசலேம்ல ஒரு வயசான அம்மாவப் பராமரிக்கிற வேலையில இருந்தனான். அங்க எங்களமாதிரி ஆக்கள மெத்தாபெலெத் எண்டு சொல்லுவாங்க. ஏஜென்சிக்குக் கட்டின காசு அம்மாட தாலிக்கொடி வித்த காசு, அந்தக் கதை வேற, அத இதுக்குள்ள கொண்டுவர விருப்பமில்ல. வருசா வருசம் புரட்டாசி அமாவாசை கழிஞ்சா என்ட மனசு அந்த ஊருக்குப் போயிரும், திரும்பி வந்து ஆறு வருசமாகியும் அது மாறல்ல. அங்க அந்த மாசத்துக்குப் பேர் திஷ்ரி. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹாத் தோரா எண்டு மூண்டு கிழமைக்கு மேல பண்டிகை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும். பேங்க்கில, விசா ஒஃபிஸ்ல, தண்ணிப் பைப் திருத்துறவரிட்ட, எங்க போய் எதக் கேட்டாலும் ஒரே பதில்தான், "அஹரே ஹஹகீம்", பண்டிகையெல்லாம் முடியட்டும். இஞ்ச சித்திரை வருசம் கழியட்டும் பாப்பம் எண்டு சொல்ற மாதிரியே தான், அதக் கேட்ட நேரம் எனக்கு ஊர் ஞாபகம் வந்து நெஞ்சடைச்சிது.

நான் பாத்த அம்மா எண்பது தாண்டினவ. நான் இருந்த ஆக்கள்ட வீட்டில எனக்குக் கிடைச்ச பெரிய பாக்கியம் என்னெண்டா அவ கொச்சியில பிறந்தவ. கொச்சி யூத ஆக்கள் கனபேர் 1954, 55ல இஸ்ரேலுக்குப் போனவங்க, அவங்கட தாய்ப்பாசை மலையாளம். நான் ஹீப்ரு ஒரு சொல்லும் தெரியாம போய் கதவடியில பேக்கோட நிக்கிறன், அவ கதிரையில இருந்து என்னப் பாத்து, "மோளே, வா, இரி" எண்டா. எனக்குக் கண்ணால தண்ணி ஓடத் தொடங்கிட்டு. மகளே வா இரு எண்டு ஒரு மனுசி அவ்வளவு தூரத்தில என்னக் கூப்பிடுவா எண்டு நான் நினைச்சும் பாக்கல்ல. ஓலை எண்டா அவக்கும் ஓல, பந்தல் எண்டா பந்தல், தேங்காய் எண்டா தேங்ங. மிச்சத்த கையாலயும் சிரிப்பாலயும் பேசிக்கொண்டம். அவவ நான் அம்மாமா எண்டு கூப்பிட்டன், எங்கட அம்மம்மா எண்டதுக்குக் கிட்டவா இருந்திச்சி.

வீடு நஹலாவோத் எண்ட இடத்தில. ஜெருசலேம்ட பெரிய சந்தை மஹனே யெஹூதா, அதுக்கு அக்ரிப்பாஸ் வீதியக் கடந்தா நஹலாவோத் ஒழுங்கையள் தொடங்கும். கல்லு வீடு, கல்லு மதில், கல்லுப் படி, கனக்க ஒழுங்கைக்குள்ள கார் நுழையாது, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒராள் மதிலோட ஒட்டி நிக்கணும். பத்து வீட்டுக்கு ஒரு ஜெப ஆலயம் இருக்கும், சிலது எங்கட ஹோல் அளவுதான். ஒண்டு சிரியாவில அலெப்போவில இருந்து வந்த ஆக்கள் 1901ல கட்டின ஆதெஸ் ஜெப ஆலயம், அந்தப் பாட்ட ஒழுங்கையில நிண்டு கேட்டாலே போதும். எலுல் மாசம், அதாவது திஷ்ரிக்கு முந்தின மாசம், விடியச் சாமம் எழும்பி மன்னிப்புக் கேட்டுப் பாடுற ஒண்டிருக்கு, செலிஹோத். எங்கட மார்கழித் திருவெம்பாவைக்கு விடியக்காலமை சங்கும் சேமக்கலமும் ரோட்டால போறத நினைச்சுப்பாருங்க, போர்வைக்குள்ள கிடந்து கேக்கிற அந்தச் சத்தம். அங்க சங்குக்குப் பதிலா ஆட்டுக்கிடாய்ட கொம்பு, ஷோஃபார். நான் முதல் நாள் அதக் கேட்டுட்டு எழும்பி இருந்திட்டன், எங்க இருக்கிறன் எண்டே கொஞ்ச நேரம் விளங்கல்ல.

இன்னொரு சத்தமும் இருக்கு. வெள்ளிக்கிழமை பொழுதுபட நாப்பது நிமிசத்துக்கு முதல் ஜெருசலேம் முழுக்க சைரன் ஊதும், சபாத் எண்ட ஓய்வுநாள் வருது, விளக்குக் கொழுத்துங்க எண்டு சொல்றதுக்கு. எனக்கு அத ஒருத்தரும் முதலே சொல்லல்ல. 2012 ஏப்ரல் 11ம் திகதி சுனாமி வருது எண்டு சொல்லி நாங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினமே, அந்த நாள் அப்பிடியே வந்திட்டு. நான் அம்மாமாவக் கதிரையோட தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடுறன், அவ என்ட கையப் பிடிச்சு "ஒண்ணுமில்ல மோளே, ஒண்ணுமில்ல" எண்டு சொல்லி விளக்குத் தட்டக் காட்டினா. பிறகு நாலரை வருசம் ஒவ்வொரு வெள்ளியும் அந்தச் சைரனுக்கு அவக்கு நெருப்புப் பெட்டி எடுத்துக் குடுத்தது நான்தான்.

இப்ப நான் சொல்லப்போறது எனக்கு இண்டைக்கும் ஆச்சரியமான விசயம். ரோஷ் ஹஷானா எண்டது அவங்கட வருசப்பிறப்பு, திஷ்ரி அமாவாசை கழிஞ்ச முதல் நாள். எங்கட நவராத்திரியும் புரட்டாசி அமாவாசை கழிஞ்ச அடுத்த நாள். ரெண்டு பேரும் இந்தப் பண்டிகையளுக்குச் சந்திரனத்தான் பாத்து நாள் எண்ணுறம், அதால கனக்க வருசத்தில ரெண்டும் ஒண்டா வந்து விழும். பத்தாம் நாள் அங்க யோம் கிப்பூர் எண்ட பாவமன்னிப்பு நோன்பு, இஞ்ச விஜயதசமி. 2022ல ஒக்டோபர் 5, 2024ல ஒக்டோபர் 12, 2025ல ஒக்டோபர் 2, மூண்டிலயும் ரெண்டும் ஒரே நாள். 2023 மாதிரி ஒரு மாசம் விலகிப்போற வருசமும் இருக்கு, அது அதிமாசக் கணக்கால வாறது. நான் அங்க இருந்த காலத்தில அலுமாரித் தட்டில ஒரு சின்னச் சரஸ்வதி படம் வச்சிருந்தன், அம்மாமாக்குக் கோவம் வருமோ எண்டு பயம், அவ பாத்திட்டு ஒண்டும் சொல்லல்ல, அடுத்த நாள் சந்தையில வாங்கின மாதுளம்பழத்தில ஒண்ட எடுத்து என்ட கையில தந்து "உன்ட சாமிக்கு" எண்டா.

வருசப்பிறப்புக்கு முதல் நாள் மஹனே யெஹூதா சந்தைக்குள்ள போறதெண்டா எங்கட தீவாளிக்கு முதல் நாள் மட்டக்களப்பு டவுனுக்குள்ள போற மாதிரி, தள்ளுப்பட்டுத்தான் போகணும். தேன் போத்தல், அப்பிள், ஈச்சம்பழம், மாதுளை, வட்டமாப் பின்னின ஹல்லா பாண். வருசம் வட்டமா வருது எண்டதுக்காக பாணும் வட்டம். மீன் கடையில மீன்தலைக்கு அண்டைக்கு மட்டும் வரிசை. "நாங்க தலையா இருக்கணும், வாலா இருக்கக்கூடாது" எண்டு சொல்லி மேசையில தலைய வைப்பாங்க. மீன்தலை எண்டா எங்களுக்குச் சொல்லித்தரணுமா, அம்மாமா கொச்சிக்காரி, நான் மட்டக்களப்பு, ரெண்டு பேரும் சேந்து புளிவிட்டு ஆக்கின அந்தத் தலைக்கறிய அவட மகன்ட புள்ளைகள் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு சாப்பிட்டதுகள். கௌபியும் வைப்பாங்க, எங்கட வாணிவிழாவுக்கு அவிக்கிற அதே கௌபி. அத அங்க கண்ட உடன நான் கடைக்காரர்ட சாக்குக்குள்ள கையவிட்டு அள்ளி மணந்துபாத்தன்.

ஷோஃபார் நூறு தரம் ஊதணும், அது ஜெப ஆலயத்தில. அம்மாமாவால படி இறங்க ஏலாது, அதால ஒரு பொடியன் வீட்டுக்கே வந்து ஊதிட்டுப் போவார், முப்பது ஊதல். ஒண்டு நீளமா இருக்கும், ஒண்டு மூண்டாய் முறிஞ்சு வரும், ஒண்டு ஒம்பது துண்டா விக்கி விக்கி அழுற மாதிரி. அந்தக் கடைசி வகை வரக்க அம்மாமா சீலைத் தலைப்பப் பிடிக்கிற மாதிரி மடியில கிடந்த துணியப் பிடிச்சுக்கொண்டு கண்ண மூடி இருப்பா.

பத்து நாளும் ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் போன் எடுத்து மன்னிப்புக் கேப்பாங்க. கடவுளிட்டக் கேக்க முதல் மனுசரிட்டக் கேக்கணுமாம். அம்மாமா என்னட்டயும் கேட்டா. நான் உனக்கு இந்த வருசம் ஏதும் கடுமையா பேசியிருந்தா மன்னிச்சிரு எண்டு, படுக்கையில இருந்த மனுசி, நான் குளிப்பாட்டி உடுப்பு மாத்திவிடுற மனுசி. இதுக்கு முதலும் பிறகும் சம்பளம் தந்த ஒருத்தரும் என்னட்ட அப்பிடிக் கேட்டதில்ல. சந்தைப் பக்கம் கோழியோட நிப்பாங்க, உயிர்க்கோழியத் தலைக்கு மேல மூண்டு தரம் சுத்தி, அறுத்து, ஏழை எளியதுக்குக் குடுப்பாங்க, கப்பாரோத் எண்டு பேர். காசச் சுத்திக் குடுக்கிற ஆக்களும் இருக்காங்க, அம்மாமா காசுதான். எனக்கும் அவ காசு சுத்தினா. எங்கட அம்மா உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்பில போடுவாவே, நான் கண்ண மூடிக்கொண்டு அதத்தான் நினைச்சன்.

யோம் கிப்பூர் அண்டைக்கு நாடே நிண்டுபோகும். நான் சும்மா சொல்லல்ல, பென் கூரியன் எயார்போட் மூடு, பஸ் இல்ல, ரயில் இல்ல, டிவி ரேடியோ கூட நிப்பாட்டிருவாங்க, ரோட்டில அம்புலன்ஸ் மட்டும் போகும். இருபத்தஞ்சு மணித்தியாலம் தண்ணியும் குடிக்காத நோன்பு. நடு ரோட்டால வெள்ளை உடுப்போட குடும்பம் குடும்பமா நடப்பாங்க, தோல் செருப்புப் போடக்கூடாது, அதால கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனுசரும் ரப்பர் செருப்போட வருவாங்க. சின்னப் புள்ளைகளுக்கு அண்டைக்குத்தான் வருசத்தில ஒருநாள், நாலு லேன் ரோட்டில சைக்கிள் ஓடலாம். நான் போன முதல் வருசம், 2014 ஒக்டோபர் 4, யோம் கிப்பூரும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒரே நாளில வந்திச்சி. ஒரு ஊர்ல ஒரு பாதி நோன்பு, மறுபாதி பெருநாள். பொலிஸ் கனக்க நிண்டாங்க, எல்லார்ட முகத்திலயும் ஒரு யோசனை. முஸ்லிம் ஊர் காத்தான்குடிக்கும் தமிழ் ஊர் ஆரையம்பதிக்கும் எல்லையில வளந்த ஆக்களுக்கு அந்த முகம் நல்லாத் தெரியும்.

அம்மாமாக்கு இருதயமும் சுகரும். டொக்டர் நோன்பு கூடாது எண்டிட்டார், அவ பிடிவாதம். கடைசியில ரபாய், அவங்கட மதகுரு, ஒருத்தர் வழி சொன்னார், ஒரேயடியாக் குடிக்காம, ஒரு வாய் நிறையாத அளவு தண்ணி, ஒம்பது நிமிசத்துக்கு ஒருக்கா. அப்பிடிக் குடிச்சா அது நோன்பு முறிச்ச கணக்கில வராதாம். அப்ப நான் என்ன செஞ்சன் எண்டா சின்ன மருந்துக் கப் ஒண்டில முப்பது மில்லிக்குக் கோடு கீறி வச்சிக்கொண்டு, மணிக்கூட்டப் பாத்துப் பாத்து, ஒம்பது நிமிசம், ஒரு கப், ஒம்பது நிமிசம், ஒரு கப். ஒவ்வொரு தரமும் அவ வெக்கப்படுற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பித்தான் குடிப்பா. நான் அந்தக் கப்ப ஊருக்குக் கொண்டுவந்திருக்கன், இப்பவும் சாமித்தட்டில இருக்கு.

பொழுதுபட்டு நட்சத்திரம் மூண்டு தெரிஞ்ச உடன நீளமா ஒரு ஷோஃபார். நோன்பு முடிஞ்சுது. ஆக்கள் ஒரு வாய் தண்ணி குடிச்ச உடன, சில வீட்டில சாப்பாடும் முடியமுதல், ஒழுங்கைக்குள்ள "டொக் டொக் டொக்" எண்டு சுத்தியல் சத்தம் தொடங்கும். முதல் வருசம் நான் பால்கனியால எட்டிப்பாத்தன். ஆம்பிளையள் கம்பியும் பலகையும் தூக்கிக்கொண்டு ஓடுறாங்க, எதிர்வீட்டு முற்றத்தில கம்பு நடுறாங்க, கீழ ஒழுங்கையையே பாதி அடைச்சு ஒண்டு, சாப்பாட்டுக் கடைக்கு முன்னால ஒண்டு, மூண்டாம் மாடி பால்கனியில ஒண்டு. கொட்டில். அத்தனையும் கொட்டில். அடுத்த நாள் முனிசிப்பால்ட்டி லொறி வெட்டின மரக்கொப்பு கொண்டுவந்து சந்தியில கொட்டிச்சி, புள்ளைகள் ஆளுக்கொரு ஈச்சோலைய இழுத்துக்கொண்டு போகுதுகள், தெருவெல்லாம் ஓலை இழுபடுற சத்தம்.

எனக்கு அத விளங்கப்படுத்தினாங்க. சுக்கோத் எண்டா கொட்டில்கள். எகிப்தில இருந்து வெளிக்கிட்டு வனாந்தரத்தில நாப்பது வருசம் அலைஞ்சத மறக்காம ஏழு நாள் கொட்டில்ல இருக்கணுமாம், சாப்பிடணும், ஏலுமானவங்க படுக்கவும் வேணும். கூரை நிலத்தில முளைச்சத வெட்டி எடுத்ததா இருக்கணும், தகரம் கூடாது, சீட் கூடாது, மேல வேற கூரையும் மரமும் இருக்கக்கூடாது. வெயிலவிட நிழல் கூட இருக்கணும், ஆனா ராத்திரியில ஓலை இடுக்கால நட்சத்திரம் தெரியணும்.

நான் சிரிக்கல்ல. எனக்குக் கோவம் வந்திச்சி. உண்மையச் சொல்றன், குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன்.

எங்கட வீடு நாவலடியில இருந்திச்சி. தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில ஒரு துண்டு மணல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்க வீடெண்டு சொல்ல ஒண்டுமில்ல. அப்பாவையும் தம்பியையும் குடுத்திட்டு அம்மாவும் நானும் முதல் பள்ளிக்கூடத்தில, பிறகு டென்ட்டில, பிறகு திராய்மடுவில தகரக் கொட்டில்ல. பகல்ல உள்ள இருக்கேலாது, வேகும். மாரியில நிலத்தால தண்ணி ஊறி வரும். ராத்திரியில பக்கத்துக் கொட்டில்ல ஆரும் இருமினா எங்கட பாய்க்குள்ள கேக்கும். ஒண்டரை வருசத்துக்கு மேல. கல்லு வீடு கிடைச்ச அண்டைக்கு அம்மா சுவரத் தடவிப்பாத்து ஒரு சொல்லு சொன்னா, "இனிச் செத்தாலும் கொட்டிலுக்க படுக்க மாட்டன்". அப்பிடி இருந்திட்டு வந்த எனக்கு, நல்ல கல்லு வீட்டில இருக்கிற ஆக்கள் விருப்பப்பட்டு, மினுக்குப் பேப்பரும் லைட்டும் மாதுளங்காயும் தொங்கவிட்டு, கொட்டில் கட்டிச் சந்தோசமாப் பாடுறது எப்பிடி இருந்திருக்கும்.

அம்மாமா கூப்பிட்டுக் கேட்டா. பாதி மலையாளம், பாதி ஹீப்ரு, பாதி கை. நான் எல்லாத்தையும் சொன்னன். கடல் வந்ததச் சொல்ல எனக்குக் கையே போதும். அவ கனநேரம் பேசாம இருந்தா. பிறகு அவட கதையச் சொன்னா. இருபது வயசில கொச்சியில இருந்து வந்தவ, வந்து இறங்கினது நெகேவ் வனாந்தரத்தில நெவாத்திம் எண்ட இடம், ஒரு பச்சை இல்ல, காத்தும் மண்ணும். தென்னையும் காயலும் பாத்து வளந்த ஆக்கள். கொச்சியில சுக்கோத்துக்கு அவட தகப்பன் பின்னின தென்னோலையால பந்தல் போடுவாராம், துலா மாச மழை வந்து எப்பிடியும் நனைக்குமாம். நெவாத்திம்ல முதல் வருசம் கூரைக்குப் போட ஓலை இல்ல. தகப்பன் எங்கயோ போய் முள்ளுக் கொப்புக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு வந்து போட்டாராம், போட்டுட்டு அதுக்குள்ள இருந்து அழுதாராம். "அந்தக் கொட்டில் எனக்கு வேண்டாம் எண்டு நானும் சொன்னன் மோளே" எண்டா. "அப்பன் சொன்னாரு, நாளைக்கு நமக்கு வீடு வரும், வீடு வந்த பிறகு இத நீ மறந்திருவ, அதுக்குத்தான் வருசம் வருசம் கட்டுறது."

அந்த வருசம் நான் அவட கொட்டிலுக்க சாப்பாடு கொண்டுபோய் வச்சன், உள்ள இருக்கல்ல. அடுத்த வருசம் இருந்தன். மூண்டாம் வருசம் அவக்கு ஓலை பின்னிக் குடுக்கணும் எண்டு ஆசை வந்திட்டு. அங்க தென்னோலை ஏது, ஈச்சோலை தான், காத்தான்குடி மெயின் ரோட்டில நிக்குதே அதே மரம். அத கிடுகு மாதிரிப் பின்ன வெளிக்கிட்டு, அந்த இலை விறைப்பு, மடியாது, மட்டையடியில முழுக்க ஊசி மாதிரி முள்ளு. ரெண்டு கையும் கிழிஞ்சு ரத்தம். ரெண்டு முழம் பின்னினன். ஒழுங்கா வரல்ல, ஆனா அம்மாமா அத நடுக்கூரையில போடச்சொல்லி, வந்த ஆக்களுக்கெல்லாம் விரலால காட்டி "ஓல, ஓல" எண்டு சொன்னா.

சுக்கோத்துக்கு நாலு இனம் பிடிப்பாங்க, அதையும் சொல்லணும். லூலாவ் எண்டது ஈச்சமரத்துக் குருத்தோலை, விரியாதது. எங்கட சடங்குப் பந்தலுக்குத் தோரணம் கட்ட குருத்தோலை எடுக்கிறமே, வேதக்காரர் குருத்தோலை ஞாயிறுக்குப் பிடிக்கிறாங்களே, அது மாதிரித்தான். அதோட ரெண்டு வகை இலைக்கொப்பு, எத்ரோக் எண்டு நாரத்தங்காய் மாதிரி ஒரு மஞ்சக் காய். அத வாங்கிறதப் பாக்கணும். தாடிவச்ச பெரியவங்க பூதக்கண்ணாடியக் கண்ணில பிடிச்சுக்கொண்டு ஒரு காய அரைமணித்தியாலம் உருட்டி உருட்டிப் பாப்பாங்க, ஒரு புள்ளி இருந்தாலும் வேண்டாம். கடைக்காரரும் சலிக்காம அடுத்தத எடுத்துக் குடுப்பார். அந்த நாலையும் சேத்துப் பிடிச்சு நாலு திசைக்கும் மேலுக்கும் கீழுக்கும் ஆட்டக்க வாற சத்தம், எனக்கு மழை வாற சத்தம் மாதிரித்தான் கேக்கும். அதுக்கும் காரணம் இருக்கு. அந்த ஏழு நாள் கழிய, எட்டாம் நாள்ல இருந்து மழைக்குப் பிரார்த்தனை தொடங்குது. ஏப்ரல், மே கழிஞ்சா அங்க மழையே இல்ல, ஒக்டோபர் நவம்பரில தான் மழை திரும்பும். எங்கட மாரியும் அப்பத்தான், பெரும்போக விதைப்புக்கு வானத்தப் பாத்துக்கொண்டு இருக்கிற காலம். ஏழு நாளும் மழை பெஞ்சா கொட்டில விட்டு வீட்டுக்குள்ள வரலாமா எண்டு நான் கேட்டன், சட்டியில இருக்கிற கூழ் கெடுற அளவுக்குப் பெஞ்சா வரலாம் எண்டு அவங்கட பழைய நூலில இருக்காம். எவ்வளவு வீட்டுப்பாங்கான அளவு.

2019 மாசியில அம்மாமா போயிட்டா. நான் மார்ச்சில ஊருக்கு வந்தன், ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு. நல்ல உடுப்புப் போட்டு ஞாயிறு வகுப்புக்குப் போன புள்ளைகள். மறுகா 2023 ஒக்டோபர் 7, சிம்ஹாத் தோரா காலமை, ஹமாஸ் இஸ்ரேலுக்குள்ள புகுந்து தாக்கினது. சிம்ஹாத் தோரா எண்டா வேதச்சுருளத் தோளில தூக்கி ஆடுற நாள், புள்ளைகளுக்கு இனிப்புக் குடுக்கிற நாள், நான் நஹலாவோத் ஒழுங்கையில விடியும்வரை அந்த ஆட்டத்தப் பாத்து நிண்டிருக்கன். அண்டைக்கு என்னோட வேலை செஞ்ச இலங்கைப் புள்ளைகளுக்குப் போன் அடிச்சு அடிச்சு என்ட கை நடுங்கிச்சி. பெருநாள் உடுப்போட செத்த ஆக்கள நான் ரெண்டு ஊரிலயும் தெரிஞ்சுவச்சிருக்கன்.

அதுக்குப் பிறகு காசா. காத்தான்குடியில எனக்கு ஒரு கூட்டாளி இருக்கா, திராய்மடுவில இருந்த காலத்தில ஒரு பார்சல் சோறு எடுத்துக்கொண்டு கிழமைக்கிழமை வந்தவ. நான் ஜெருசலேம் கதை எடுத்தா இப்ப அவட முகம் மாறும், அது எனக்கு நோகும், ஆனா அவவில பிழை சொல்ல மாட்டன். டென்ட்டுக்குள்ள புள்ளையக் கிடத்தி வச்சிக்கொண்டு இருக்கிற காசாத் தாய்மாரப் பாக்கக்க எனக்கு வேற ஒண்டும் தெரியிறல்ல, திராய்மடு தான் தெரியும். அதுகள்ட கொட்டிலுக்கு ஏழு நாள் எண்ட கணக்கில்ல. நான் அம்மாமாவ நேசிச்சன், இதையும் சேத்துத்தான் சொல்றன், ஒண்டச் சொல்ல மற்றத மறைக்க என்னால ஏலாது. இந்தப் பதிவ அந்தக் கூட்டாளிக்கும் அனுப்புவன்.

சரி, நேத்தையக் கதை. போயா நிலவு, அங்க சுக்கோத் தொடங்கிற ராத்திரி. வேலியோரத்தில நாலு கம்பு நட்டு, மூண்டு பக்கமும் பழைய சீலையால மறைச்சு, மேல கிடுகு போட்டன், நெருக்கிப் போடாம, இடுக்கு விட்டு. மகன் மினுக்குப் பேப்பர் வெட்டித் தொங்கவிட்டான். நான் யூத மார்க்கம் செய்யல்ல, எனக்கு எங்கட கண்ணகி அம்மனும் மாமாங்கப் பிள்ளையாரும் போதும், எனக்கு அந்தக் கொட்டில் வேணும் எண்டு இருந்திச்சி, அவ்வளவுதான். மகன் கேட்டான், அம்மா நீங்க சின்னனில இப்பிடித்தான் இருந்தீங்களா எண்டு. ஓம் எண்டன். அவனுக்கு இதெல்லாம் நான் இதுக்கு முதல் சொன்னதில்ல, மாமா ஒருத்தர் இருந்தார் எண்டும் சொன்னதில்ல. நேத்துச் சொன்னன். தம்பிட பேர அவன் ரெண்டு மூண்டு தரம் சொல்லிப்பாத்தான்.

எட்டு மணி இருக்கும், சோறும் கணவாய்க் கறியும் கொண்டுபோய் உள்ள வச்சிட்டு அம்மாவக் கூப்பிட்டன். வரமாட்டா எண்டு தெரிஞ்சுதான் கூப்பிட்டன். கொஞ்சநேரம் சத்தமில்ல. மறுகா டோர்ச் லைட்டும் கையுமா வந்து வெளியில நிண்டு கூரையப் பாத்தா, ஓலை இடுக்கால நிலா அவட முகத்தில விழுந்திச்சி.

"என்னகா இது, ஆரு உனக்கு இப்பிடி மேயப் படிப்பிச்சது" எண்டா. சீலையக் கிளப்பிக்கொண்டு உள்ள குனிஞ்சு வந்து, கம்ப ஒருக்கா ஆட்டிப் பாத்திட்டு, பாயில இருக்காம நிண்டபடியே அந்தக் கயித்த அவிட்டு இறுக்கிக் கட்டத் தொடங்கினா. "சோளகம் இன்னும் விடல்ல புள்ள, ராவைக்குக் காத்து வரும். அந்தப் பக்கத்தப் பிடி."